'லைக்' தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இங்கிலீஷில் 'பிடிக்கும்' என்று சொல்ல எல்லாரும் முதலில் எடுக்கும் சொல் 'லைக்'. சின்ன வகுப்பிலேயே படித்தது. ஆனாலும் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான தேர்விலும், கன்னியாகுமரி லாட்ஜ்களின் வரவேற்பு மேசையிலும் நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். பெரிய சொற்களை யோசித்து யோசித்துப் பயன்படுத்துகிறார்கள், அதனால் அங்கே தப்பு குறைவு. 'லைக்'கைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

மாலை வகுப்பில் திரும்பத் திரும்பத் திருத்தியவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். கடினமான இலக்கணப் பெயர்கள் எதுவும் வராது. உங்கள் வாயில் வரும் வாக்கியம் எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் லேசில் தீரும் காரணம் முதலில் வரும், நாள்பிடிக்கும் காரணம் பிறகு. முதல் காரணத்திலேயே சரியாகிவிட்டால் அடுத்ததைப் படிக்க வேண்டாம்.

எந்த அறிகுறி என்றே தெரியவில்லை என்றால், போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு இந்த ஐந்தையும் இங்கிலீஷில் சொல்லுங்கள்: அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காதது என்ன, வந்த விருந்தாளியிடம் டீ வேண்டுமா என்று கேட்பது, உங்கள் அம்மா எப்படிப்பட்ட ஆள், நேற்று பார்த்த இடம் பிடித்ததா என்று கேட்பது. எழுதிவைத்து வாசிக்காதீர்கள். வாசித்தால் பழுது வெளியே தெரியாது.

## அறிகுறி: 'ஐ ஆம் லைக் ஃபிஷ்'

குமரி மாவட்டம் முழுக்க அதிகம் கேட்கும் பழுது இதுதான். நீங்கள் சொல்ல வந்தது எனக்கு மீன் பிடிக்கும் என்பது. கேட்கிறவர் காதில் விழுவது 'நான் மீன் மாதிரி' என்பது.

'ஐ ஆம்' ஒரே சொல்லாக ஒட்டிப்போயிருக்கலாம். அறிமுகப் பேச்சை மனப்பாடம் பண்ணும்போது 'ஐ ஆம் ஃப்ரம் கருங்கல், ஐ ஆம் எ ஸ்டாஃப் நர்ஸ்' என்று சொல்லிச் சொல்லி, இரண்டும் உறைந்த ரப்பர் பால் மாதிரி ஒரே கட்டியாகிவிடும். சோதித்துப் பாருங்கள்: 'நான் மீன் சாப்பிடுவேன்', 'நான் சந்தைக்குப் போவேன்' என்று இங்கிலீஷில் சொல்லுங்கள். அங்கேயும் 'ஐ ஆம் ஈட்', 'ஐ ஆம் கோ' என்று வந்தால் கோளாறு 'லைக்'கில் இல்லை, 'ஆம்'மில் இருக்கிறது. 'ஐ ஈட், ஐ கோ, ஐ குக், ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக்' என்று வினைச்சொற்களை வரிசையாக உரக்கச் சொல்லிப் பழகினால் பிரிந்துவிடும்.

கேள்வியே தப்பாகப் பதிந்திருக்கலாம். 'ஈட்', 'கோ' எல்லாம் சரியாக வருகிறது, 'லைக்'கில் மட்டும் 'ஆம்' ஒட்டுகிறது என்றால், 'உனக்குப் பிடிக்குமா' என்று இங்கிலீஷில் கேட்டுப் பாருங்கள். 'ஆர் யூ லைக்' என்று வந்தால் பழுதின் வேர் அங்கேதான். கேள்வி 'டு யூ லைக் ஃபிஷ்?', பதில் 'யெஸ், ஐ டூ'. பதில் 'யெஸ், ஐ ஆம்' என்று வருவது நிற்கும்வரைக்கும் கேள்வியையும் பதிலையும் ஜோடியாகவே பழகுங்கள்.

வீட்டுப் பேச்சு. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் வீட்டில் மலையாளமும் புழங்குகிறவர்களுக்கு மட்டும் இது. 'எனிக்கு இஷ்டமாணு' என்பதில் கடைசியில் நிற்கும் 'ஆணு' இங்கிலீஷுக்கு வரும்போது 'ஆம்', 'இஸ்' என்று வேஷம் மாறி வருகிறது. 'ஃபிஷ் இஸ் லைக்' என்றும் உங்களுக்கு வருகிறதென்றால் இதுதான் காரணம். இது சீக்கிரம் போகாது. தனிச்சொல்லைத் திருத்திப் பயனில்லை, முழு வாக்கியங்களாகவே நாக்கில் ஏற்ற வேண்டும்.

### கிளை: 'ஐ ஆம் லைக்கிங் ஃபிஷ்'

'இங்'கையும் 'ஆம்'மையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். 'எனக்கு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது' என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை. உடனே வகுப்பில் யாராவது மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தைக் காட்டுவார்கள். 2003 முதல் அவர்கள் 'ஐ ஆம் லவின் இட்' என்று போட்டுவருவது உண்மைதான். காதில் நிற்பதற்காக வேண்டுமென்றே வளைத்த வாக்கியம் அது. புது வேலையில் சேர்ந்தவரிடம் 'ஹவ் ஆர் யூ லைக்கிங் தி நியூ ஜாப்?' என்று கேட்பதும் உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், போதும். தேர்வில் நீங்களாக எடுத்துவிட வேண்டாம்.

### கிளை: 'ஆம்' இருக்க வேண்டிய இடம்

'ஐ ஆம் லைக் மை மதர்' என்பது சரி. நான் என் அம்மா மாதிரி. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

## அறிகுறி: 'ஃபிஷ் லைக்ஸ் மீ', 'மீ லைக் ஃபிஷ்'

ஆள் இருக்க வேண்டிய இடத்தில் மீன் உட்கார்ந்திருக்கிறது.

"எனக்கு பிடிக்கும்னா 'மீ லைக்'தானே டீச்சர்? எனக்குன்னா 'மீ'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன் மக்களே. ஆனா இங்க அந்த 'எனக்கு'வை வெளிய வச்சுட்டு வரணும்."

தமிழில் பிடிப்பது மீனின் வேலை, நாம் 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறோம். 'லைக்'கில் பிடிப்பது ஆளின் வேலை, ஆள்தான் முதலில் நிற்க வேண்டும். ஆசை யார் மனசில் இருக்கிறதோ அவர் முன்னால், ஆசைப்படும் பொருள் பின்னால். 'நான் மீனை விரும்புகிறேன்' என்று மனசுக்குள் ஒருமுறை மாற்றிவிட்டு இங்கிலீஷுக்குப் போனால் தப்பு வராது. குளச்சலிலோ முட்டத்திலோ எவரும் அப்படிப் பேச மாட்டார்கள், தமிழாக அது அசிங்கம்தான். சாரம் கட்டுகிற மாதிரி கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொண்டு பிறகு பிரித்துவிடலாம்.

இந்தத் தப்புக்காக யாராவது உங்களைக் கேலி செய்தால் ஒன்று சொல்லலாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இந்தச் சொல் நம் 'எனக்குப் பிடிக்கும்' போலவேதான் நடந்தது. பிடிப்பது பொருளின் வேலை, ஆள் 'எனக்கு' என்ற நிலையில். பின்னால்தான் இடம் மாறியது.

### கிளை: வாக்கியத்தில் இரண்டு மனிதர்கள்

இங்கேதான் ஆபத்து. மீன் என்றால் தப்பு உடனே தெரிந்துவிடும். 'எனக்கு எங்க மாமியாரைப் பிடிக்கும்' என்று சொல்ல நினைத்து 'மை மதர்-இன்-லா லைக்ஸ் மீ' என்று சொன்னால் வாக்கியம் இலக்கணப்படி சுத்தம். அர்த்தம் மட்டும் தலைகீழ். போனில் இருக்கும் பிழை திருத்தும் செயலியும் ஒன்றும் சொல்லாது, அதற்கு உங்கள் மாமியாரைத் தெரியாது. 'தி வார்டு சிஸ்டர் லைக்ஸ் மீ', 'ஐ லைக் தி வார்டு சிஸ்டர்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தமிழ் அர்த்தத்தை வேறொருவர் சொல்லட்டும். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும்.

## அறிகுறி: 'மை மதர் லைக் டீ', 'டஸ் ஷி லைக்ஸ்', 'டிட் யூ லைக்டு'

வால் தொடர்பான பழுது. சீக்கிரம் தீரும்.

அவன், அவள், அது, ஒரே ஒருவர் என்றால் 'லைக்ஸ்'. ஆனால் 'டஸ்' வந்தால் அந்த 'ஸ்' அதற்குள் போய்விட்டது, 'டிட்' வந்தால் 'லைக்டு'வில் இருக்கும் 'டு' அதற்குள் போய்விட்டது. 'டஸ் ஷி லைக் டீ?', 'ஷி டஸின்ட் லைக் டீ', 'டிட் யூ லைக் தி ஃபால்ஸ்?'.

விதி தெரிந்தும் வரவில்லை என்றால் எழுதிப் பாருங்கள். எழுத்தில் சரி, பேச்சில் மட்டும் தப்பு என்றால் அது நாக்கின் பிரச்சினை. 'லைக்ஸ் ஃபிஷ்' என்பதில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. முதலில் 'லைக்ஸ் இட்', 'லைக்ஸ் ஆப்பம்', 'லைக்ஸ் அவியல்' என்று உயிரெழுத்துக்கு முன்னால் சொல்லிப் பழகிவிட்டு மீனுக்கு வாருங்கள். எழுத்திலும் தப்பு என்றால் விதியை இன்னொரு தடவை படிக்க வேண்டியதுதான்.

## அறிகுறி: வாக்கியம் பாதியில் நிற்கிறது

'டிட் யூ லைக் தி ரசவடை?' 'யெஸ், ஐ லைக் வெரி மச்.'

தமிழில் 'ரொம்பப் பிடிச்சது' போதும், எது என்று திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 'லைக்'குக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கக் கூடாது. ஒன்று என்றால் 'இட்', பல என்றால் 'தெம்': 'யெஸ், ஐ லைக்டு இட் வெரி மச்'. அல்லது 'யெஸ், ஐ டிட்' என்று முடித்துவிடலாம். அதுவே எளிது.

'இட்' போட்டும் இடிக்கிறது என்றால் வரிசையைப் பாருங்கள். 'ஐ லைக் வெரி மச் பனானாஸ்' என்று சொல்லக் கூடாது, 'வெரி மச்' கடைசிக்குப் போக வேண்டும். 'ஐ வெரி லைக்' என்பது கிடையவே கிடையாது. 'ரியலி'யை முன்னால் வைக்கலாம்: 'ஐ ரியலி லைக் பனானாஸ்'.

### கிளை: ஒன்றா, பலவா

எண்ணக்கூடிய பொருளைப் பொதுவாகப் பிடிக்கும் என்றால் பன்மை. மட்டிப்பழம் பிடிக்கும் என்றால் 'ஐ லைக் மட்டி பனானாஸ்'. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், விருந்தாளிகள் கேட்கத்தான் செய்வார்கள். 'ஐ லைக் தி பனானாஸ்' என்றால் எதிரே தட்டில் இருக்கும் அந்தப் பழங்களை மட்டும். பன்மையை விட்டால் சில இடத்தில் வெறும் அழகுக் குறை, சில இடத்தில் விபரீதம். 'ஐ லைக் சிக்கன்' என்றால் கோழிக்கறி பிடிக்கும். 'ஐ லைக் டாக்' என்றால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவர்கள் அந்த 'ஸ்'ஸை மறக்கவே கூடாது.

## அறிகுறி: 'ஐ லைக் ஸ்விம்', 'ஐ லைக் டு ஸ்விம்மிங்'

'லைக்'குக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'ஸ்விம்மிங்' அல்லது 'டு ஸ்விம்'. ஏதாவது ஒன்று. இரண்டையும் கலந்தால்தான் இரண்டாவது வகைத் தப்பு.

பெரும்பாலும் எதைப் போட்டாலும் சரி. சின்ன வித்தியாசம் ஒன்று உண்டு. சின்னமுட்டத்தில் படகு வைத்திருப்பவர் 'ஐ லைக் டு செக் தி என்ஜின் பிஃபோர் எவ்ரி ட்ரிப்' என்றால் அப்படிச் செய்வது நல்லது என்பது அவர் கட்சி, அதில் சுகம் இருக்க வேண்டியதில்லை. 'ஐ லைக் செக்கிங் தி என்ஜின்' என்றால் அந்த வேலையே அவருக்குப் பிரியம். முன்னால் 'வுட்' வந்துவிட்டால் 'இங்' கிடையாது, 'டு' மட்டும்தான்.

## அறிகுறி: இலக்கணம் சரி, விருந்தாளி முழிக்கிறார்

லாட்ஜ், ஓட்டல், வீட்டுத் தங்கல் நடத்துகிறவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது 'டு யூ லைக் டீ?'. அவர் 'யெஸ்' என்றார். நீங்கள் டீ கொண்டுவந்தீர்கள். அவர் முகத்தில் 'நான் கேட்கவே இல்லையே'. அவர் சொன்னது சரிதான். டீ என்ற வஸ்து உங்களுக்குப் பொதுவாகப் பிடிக்குமா என்று கேட்டீர்கள், பிடிக்கும் என்றார். இப்போது வேண்டுமா என்று கேட்க 'வுட் யூ லைக் டீ?' அல்லது 'வுட் யூ லைக் சம் டீ?'.

முதல் காரணம் 'வுட்' தெரியாதது, அது ஒரு நாளில் சரியாகும். இரண்டாவது, தெரிந்தும் கூச்சம். 'வுட்' என்றால் பெரிய ஆபீசர் பேச்சு என்று ஒரு நினைப்பு. இல்லை, டீக்கடையிலும் அதுதான் சாதாரண மரியாதை. 'டு யூ வான்ட் டீ?' என்றும் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் காசு கொடுத்துத் தங்குகிறவரிடம் அது கொஞ்சம் மொட்டையாகக் கேட்கும்.

உங்கள் பக்கம் திரும்பினாலும் இதே பழுது. கவுன்டரில் போய் 'ஐ லைக் ஒன் காபி' என்றால் உங்கள் விருப்பத்தைச் சொல்கிற மாதிரி, காபி கேட்கிற மாதிரி இல்லை. 'ஐ வுட் லைக் எ காபி' என்று கேட்க வேண்டும். வேகமாகப் பேசும்போது அந்த 'வுட்' சுருங்கி 'ஐட் லைக்' ஆகிவிடும். வெள்ளைக்காரர் 'ஐட் லைக்' என்றால் நம் காதில் 'ஐ லைக்' என்றுதான் விழும். அவர் காபியைப் புகழ்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள், கேட்கிறார்.

### கிளை: 'ஹவ்' போட்டுக் கேட்கும் இரண்டு கேள்விகள்

'ஹவ் வுட் யூ லைக் யுவர் எக்ஸ்?' என்பதற்கு 'வெரி குட்' என்று பதில் வந்தால் சமையல்காரர் ஒன்றும் செய்ய முடியாது. முட்டையை எப்படிப் போடட்டும் என்பது கேள்வி. 'ஃப்ரைட்', 'பாயில்டு', 'ஆம்லெட்' என்று பதில் வர வேண்டும். 'ஹவ் டு யூ லைக் யுவர் டீ?' என்பதும் அதே வகை: சர்க்கரை போட்டா, போடாமலா, கடுப்பமாகவா.

ஆனால் 'ஹவ் டிட் யூ லைக் தி பேலஸ்?' என்று பத்மநாபபுரம் போய்வந்தவரிடம் கேட்டால் அது அபிப்பிராயம் கேட்பது. இங்கே 'வெரி குட்' சரி, 'லவ்லி' இன்னும் சரி. அடையாளம் இதுதான்: இனிமேல் தரப்போகும் பொருள் என்றால் முறையைக் கேட்கிறார்கள், பார்த்து முடித்தது என்றால் கருத்தைக் கேட்கிறார்கள்.

### கிளை: இன்னொருவர் செய்ய வேண்டும் என்றால்

அறையை பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்ல வேண்டும். 'ஐ வுட் லைக் தட் யூ வெகேட்' என்று வரும். 'தட்'டை எடுத்துவிடுங்கள்: 'வி வுட் லைக் யூ டு வெகேட் தி ரூம் பை இலெவன்'. ஆள் முன்னால், 'டு' பின்னால்.

## அறிகுறி: கேட்டது ஒன்று, நீங்கள் பதில் சொன்னது வேறொன்று

'வாட் இஸ் யுவர் மதர் லைக்?' என்று தேர்வாளர் கேட்கிறார். 'ஷி லைக்ஸ் ஃபிஷ் அண்ட் டாப்பியோக்கா' என்று பதில் போகிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பிடிக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். அவர் கேட்டது அம்மா எப்படிப்பட்ட ஆள் என்று. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸில் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான், அதில் ஒரு கேள்வியை இப்படித் தவறவிட்டால் நஷ்டம் பெரிது.

'வாட் இஸ்' என்று ஆரம்பித்துக் கடைசியில் 'லைக்' வந்தால் குணம்: 'ஷி இஸ் ஸ்ட்ரிக்ட் பட் கைண்ட்'. 'வாட் டஸ்' என்று ஆரம்பித்தால் விருப்பம்: 'ஷி லைக்ஸ் ஃபிஷ்'. 'வாட் டஸ் ஷி லுக் லைக்?' என்றால் உருவம்: உயரம், முடி, கண்ணாடி. மூன்றையும் நண்பர் ஒருவர் கலைத்துக் கலைத்துக் கேட்கட்டும். கேள்வியின் இரண்டாவது சொல்லும், 'லுக்' இருந்தால் அதுவும் காதில் விழுகிறதா என்று பார்ப்பதே சோதனை. விழவில்லை என்றால் பிரச்சினை சொல்லில் இல்லை, கேட்கும் வேகத்தில் இருக்கிறது. வானொலி, செய்தி என்று காதுக்கு வேலை கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில்.

பதிலை 'ஷி இஸ் லைக் ஸ்ட்ரிக்ட்' என்றும் ஆரம்பிக்காதீர்கள். கேள்வியில் இருந்த 'லைக்' பதிலில் வராது.

### கிளை: நோயாளி சொல்லும் 'ஃபீல் லைக்'

நர்ஸ்களுக்கு இது அவசியம். 'ஐ ஃபீல் லைக் த்ரோயிங் அப்' என்றால் வாந்தி வரும்போல இருக்கிறது. பிடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடிப்போய்ப் பாத்திரம் எடுக்க வேண்டிய வாக்கியம். 'ஐ டோன்ட் ஃபீல் லைக் ஈட்டிங்' என்றால் சாப்பிடத் தோன்றவில்லை. அதை 'சாப்பாடு பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொண்டு வேறு சாப்பாடு கொண்டுவந்தால் நோயாளியின் பசியின்மை குறிப்பில் ஏறாமலே போய்விடும். மருத்துவப் பணியாளர்களுக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஈடியின் பேச்சுத் தேர்வில் எதிரே பேசுபவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார், தலா 5 நிமிடம், இரண்டு முறை. அங்கே இந்தமாதிரி வாக்கியம் வந்தால் 'டு யூ ஃபீல் சிக்? ஹவ் லாங் ஹாவ் யூ ஃபெல்ட் லைக் திஸ்?' என்று தொடர முடிய வேண்டும்.

## அறிகுறி: எல்லாம் சரி, எதிராளி முகம் மாறுகிறது

'லவ்' என்றால் நமக்குக் காதல் மட்டும்தான் என்பதால் 'லைக்'கிலேயே ஒதுங்கிவிடுகிறோம். 'ஐ லைக் மை மதர்' என்றால் 'ஏதோ பரவாயில்லை' என்கிற தொனி. அம்மா, பிள்ளை, பேரன் எல்லாருக்கும் 'லவ்' போடலாம். ஆப்பத்துக்கும் போடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மறுபக்கம், கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் நேருக்கு நேர் 'ஐ லைக் யூ' என்று சொல்வது பாதுகாப்பான வாக்கியம் என்று நினைக்காதீர்கள். அவர் வேலை பிடித்திருந்தால் 'ஐ லைக் வொர்க்கிங் வித் யூ' என்று வேலையை நடுவில் வையுங்கள்.

ஃபேஸ்புக்கில் போடும் லைக்கையும் கேட்கிறார்கள். 'ஐ புட் லைக்' என்று வேண்டாம். 'ஐ லைக்டு யுவர் போட்டோ' போதும்.

## எப்போது ஆசிரியரிடம் போவது

வால் உதிர்வது, வாக்கியம் பாதியில் நிற்பது, 'இங்'கும் 'டு'வும் கலப்பது, இவற்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள். போனும், திருத்துவதற்குக் கூச்சப்படாத ஒரு ஆளும் இருந்தால் வீட்டிலேயே தீரும்.

'ஐ ஆம் லைக்' மட்டும், நீங்களே கேட்டுத் திருத்தியும், நிதானமாகப் பேசும்போது சரியாக வந்து பதற்றத்தில் திரும்ப வருகிறது என்றால் வெளி ஆள் வேண்டும். பேச்சின் நடுவில் அந்த நொடியிலேயே நிறுத்துகிறவர் இல்லாமல் அது போகாது. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்ளும் அறிகுறி இருந்து, தேர்வுத் தேதியும் போட்டாகிவிட்டது என்றால் தள்ளிப்போடாமல் போங்கள். தேர்வுக் கட்டணத்தை இரண்டாம் தடவை கட்டுவதைவிட வகுப்புக் கட்டணம் மலிவு.

சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடலாம். விதியை நோட்டில் எழுதச் சொல்கிற இடமும் இந்தப் பழுதுக்கு உதவாது. மேலே சொன்ன ஐந்து பதிவுகளைப் போனில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டுங்கள். எந்த வாக்கியத்தில் ஆசிரியர் நிறுத்துகிறார், நிறுத்தியதும் உங்களைச் சொல்லவைக்கிறாரா அல்லது அவரே சொல்லிக்காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறாரா என்று கவனித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.